ஐந்தரை மணி நேரம்

தொண்டியில், உவைஸ் ஐஸ் கடைக்கு மேல் அறை.
கீழே பாளம் உடைக்கும் சத்தம்.
மேலே கறுப்புத் திரையில்
ஒரு வெள்ளைக் கோடு இமைத்துக்கொண்டு நிற்கிறது,
அடுத்து என்ன சொல்லப் போகிறாய் என்று.

மாதம் அறுநூற்றுச் சொச்சத்துக்கு
மேகத்தில் ஒரு மூலை வாடகைக்குப் பிடித்தேன்.
பணம் கட்டியது ஷார்ஜா மச்சானின் அட்டை.
ரகசிய எண் அவன் கைப்பேசிக்குப் போனது.
அவன் சாரத்தின் மேல் நின்றான்.
டீ நேரத்தில் இறங்கி அனுப்பியபோது
எண் காலாவதி.
மூன்றாம் நாள்தான் மேகம் திறந்தது.

"மேகமா, இங்கேயா?" என்றார் உவைஸ்.
ஐப்பசியையே நம்பாத ஊர்.
மும்பையில் இருக்கிறது என்றேன்.
"அதான் பார்த்தேன்."

இருபத்திரண்டாம் துறைக்குச் சாவி செய்தேன்.
எண்பது, நானூற்று நாற்பத்து மூன்று,
இரண்டை மட்டும் ஊருக்குத் திறந்துவிட்டு
மற்ற அறுபத்தைந்தாயிரம் துறைகளையும் அடைத்தேன்.
இருந்த ஒரு துறையும் மண்மூடிப் போன கரையில் உட்கார்ந்து
இத்தனை துறைகளை மூடுவது
கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் இருந்தது.

பத்து நிமிடத்தில் யாரோ பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள்.
எந்த நாட்டுக்காரனோ,
அட்மின் என்றும் டெஸ்ட் என்றும்
பெயர் மாற்றி மாற்றி நானூறு தடவை.
இந்த அறைக்கதவை இத்தனை பேர் தட்டியதில்லை.

நினைவகம் ஒரே ஒரு ஜிபி.
தரவுத்தளம் எழுந்து எழுந்து விழுந்தது.
வட்டில் இரண்டு ஜிபி வெட்டிக் கொடுத்து
இதையும் நினைவென்றே வைத்துக்கொள் என்றேன்.
நம்பிக்கொண்டது.
மெதுவாக, ஆனால் நின்றது.

முகவரிக்குப் பூட்டுப்படம் வந்த இரவு
பாடங்களை ஏற்றினேன்.
பத்தாம் வகுப்பு, தனித்தேர்வர், கணிதமும் அறிவியலும்.
பதினான்கு பேர்,
எல்லாரும் நண்டு கம்பெனியில்
வெந்த காலை உடைத்துச் சதை எடுப்பவர்கள்.
ரேகை தேய்ந்த விரலைக்
கைப்பேசி ஒப்புக்கொள்வதில்லை.
அதனால் கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி
போன் உறைக்குள் செருகியிருந்தார்கள்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் தேர்வு ஞாயிறு இரவு
பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு அடையும்.
பதினொரு பேர் எழுதியிருந்தார்கள்.
காணிக்கைமேரி, இருபடிச் சமன்பாடு, பத்துக்கு எட்டு.
பிறகுதான் கவனித்தேன்,
சர்வர் மும்பையில் உட்கார்ந்துகொண்டு
கிரீன்விச் கடிகாரம் கட்டியிருக்கிறது.
ஒரே வரிக் கட்டளை. ஆசியா, கொல்கத்தா.
சரியாயிற்று.
கீழே போய் ஒரு டீ குடித்தேன், கொஞ்சம் திமிரோடு.

அடுத்த ஞாயிறு எழுதியவர்கள் இரண்டே பேர்.
திங்கள் விடிகையில் காணிக்கையின் குரல் செய்தி,
பின்னால் வேன் இரைச்சல்:
"சார், அடைச்சிருக்கு. போன வாரம் தொறந்திருந்துச்சே."

பதிவேட்டைத் திறந்தேன்.
முதல் தேர்வில் விடை வந்து சேர்ந்த நேரங்கள்:
22:04. 22:31. 22:40. 22:52.
ஐந்தரையைக் கூட்டினேன்.
மூன்று முப்பத்துநாலு.
நாலு ஒன்று.
நாலு பத்து, அது காணிக்கை.
நாலு இருபத்திரண்டு.

உலை வைத்துவிட்டு,
பிள்ளை புரண்டு அழுமுன்,
ஐந்து மணி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்குமுன்,
என் பிழைக்குள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.
அந்த இடத்தைத்தான் நான் திருத்திவிட்டேன்.

கடிகாரம் சரிதான், அதைத் தொடவில்லை.
கெடுவை மாற்றினேன்:
திங்கள், காலை ஐந்து இருபத்தொன்பது.
மாற்றத்துக்குக் காரணம் கேட்ட பெட்டியை
வெறுமையாக விட்டுச் சேமித்தேன்.

இன்று திங்கள். மணி நாலு ஐந்து.
கீழே உவைஸ் ஷட்டரைத் தூக்குகிறார்.
உள்ளே ஒன்பது பேர்.
நினைவகம் தொண்ணூற்றேழு விழுக்காடு.
விழுந்துவிடாதே, இன்னும் அரை மணிதான் என்று
மும்பையில் இருக்கும் ஒரு பெட்டியிடம்
தொண்டித் தமிழில் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

காப்பு நகல் இன்னும் எடுக்கவில்லை.